மெல்லோட்ரானுக்கு ஏன் 35 கட்டைகள் மட்டும்?

கேள்வி: மெல்லோட்ரான் என்ற பழைய ஆங்கிலேய வாத்தியத்தில் மொத்தமே 35 கட்டைகள்தான் என்று அறிந்து வியந்தேன். பியானோவில் 88 உண்டு. என் வீட்டு ஆர்மோனியத்திலேயே 42 இருக்கின்றன. டேப்பில் முன்பே பதிவு செய்த ஒலியைத்தானே அது எழுப்புகிறது. இன்னும் சில கட்டைகளைச் சேர்க்க என்ன தடை?
— வாசகி, திருவல்லிக்கேணி, சென்னை

பதில்: முன்பே பதிவு செய்த ஒலி என்பதுதான் தடையே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைக் கூட்ட, அதற்குரிய ரீடுகளைக் கூட்டினால் போதும். மெல்லோட்ரானிலோ ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனித்தனியாக ஒரு டேப் ரெக்கார்டர் இருப்பதாகவே கொள்ளலாம். கட்டையை அழுத்தியதும் அதற்கென உள்ள டேப், பதிவான ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மீது படிந்து, சுழன்றுகொண்டிருக்கும் இரும்புத் தண்டோடு ஒரு ரப்பர் உருளையால் நெருக்கப்பட்டு ஓடத் தொடங்கும். ஏறத்தாழ எட்டு விநாடிகளில் டேப் தீர்ந்து ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

ஒரே பதிவை வேகம் மாற்றி ஓட்டி, அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கும் பயன்படுத்தக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்றைய மின்னணு கீபோர்டுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மெல்லோட்ரானில் எல்லா டேப்புகளையும் இழுப்பது ஒரே தண்டு. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்தான். ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு கலைஞர் சுருதி பிசகாமல் எட்டு விநாடி வாசித்துத் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். 1970இல் வந்த எம்400 மாதிரியில் ஒவ்வொரு டேப்பிலும் மூன்று தடங்கள், அதாவது மூன்று வாத்தியங்களின் ஒலிகள், இருந்தன. 35 கட்டைகளுக்கே 105 பதிவுகள் தேவைப்பட்டன. 88 கட்டைகள் என்றால் 264 ஆகிவிடும். மேலும், வாத்தியங்களுக்கும் எல்லை உண்டே: மேற்கத்திய முறையில் சுருதி கூட்டிய வயலினில், கடைசித் தந்தியின் ஜி ஸ்வரத்துக்குக் கீழே எதையும் வாசிக்க இயலாது.

மோட்டாரின் சங்கடமும் இதோடு சேர்ந்தது. கட்டைகள் கூடக் கூடத் தண்டும் நீள வேண்டும், அது சிறிதும் வளையாமல் சுழலவும் வேண்டும். பல கட்டைகளை ஒருசேர அழுத்தினால் அத்தனை டேப்புகளின் இழுவையும் ஒரே மோட்டாரின் தலையில் விழும். அது சற்றுத் திணறினாலும், பேட்டரி தேய்ந்த டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டதுபோலச் சுருதி இறங்கிவிடும். கச்சேரி மேடையில் இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம்.

இத்தனையையும் எண்ணித்தான் ஜி முதல் எஃப் வரை, மூன்று ஸ்தாயிக்குச் சற்றே குறைவான வீச்சோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று கருதுகிறேன். ஆனால் 1960களில் பர்மிங்காமில் தயாரான மார்க் 2 மாதிரியில் 70 கட்டைகள் இருந்தனவே என்று யாரேனும் உங்களிடம் வாதிடக்கூடும். உண்மைதான்; ஆனால் அவை 35, 35 என இரண்டு வரிசைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தவை. ஸ்தாயியை நீட்டிக்க வாய்ப்பிருந்தும், இடப்பக்க வரிசையைத் தாளத்துக்கும் பக்கவாத்தியத்துக்குமே ஒதுக்கிவிட்டார்கள்.