மீட்டர் முள் படுத்துப் படுத்து எழுகிறதா?

இந்த முறை மீட்டர் போர்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே கடலோரத்தில் நிற்கும் பழைய கார்கள்.

மாருதி 800, 2004 மாடல். பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடுகின்றன. டேஷ்போர்டைத் தட்டினால் எழுகின்றன. மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (கடலூர் முதுநகர்)

இப்போதைக்கு வேண்டாம். பெட்ரோல் முள்ளுக்குத் தகவல் டேங்கிலிருந்து வருகிறது, டெம்பரேச்சருக்கு இன்ஜினிலிருந்து. இரண்டும் ஒன்றாகப் படுக்கின்றன என்றால் சென்சார்கள் மேல் பழி போட முடியாது. இரண்டுக்கும் பொதுவானவை மூன்று: ஃப்யூஸ் வழியாக வரும் கரன்ட், எர்த் (கரன்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), மீட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒயர் பிளக்கான கப்ளர். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஃப்யூஸ் பார்வைக்கு நன்றாக இருக்கும், அது உட்காரும் கிளிப்பில் களிம்பு ஏறியிருக்கும். முதுநகர் துறைமுகக் காற்றில் இது சகஜம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை ஒல்லியாக மடித்து கிளிப்பைத் தேய்த்து, புது ஃப்யூஸ் போடுங்கள்.

அப்புறம் எர்த். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை மீட்டரின் எர்த் ஒயரிலும் வையுங்கள். ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாம் ஓடட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த எர்த்களுக்கும் இதே வைத்தியம்.

விட்டுவிட்டு வரும் கோளாறில் பெரிய தொல்லை, பட்டறைக்குப் போனதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். கோளாறு இருக்கும்போது சோதிக்காவிட்டால் சோதித்ததற்கு அர்த்தமே இல்லை. அதற்கு ஒரு வழி: மீட்டர் எர்த்திலிருந்து நேராக பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்து சில நாள் ஓட்டுங்கள். முள் படுக்கவில்லை என்றால் எர்த்தான் குற்றவாளி.

எர்த்தும் சரி என்றால், தட்டினால் எழுவதற்குக் காரணம் கப்ளருக்குள் பின் லூஸ் அல்லது போர்டில் சால்டர் விரிசல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய கோடு தெரியும். செல்போன் சர்வீஸ் கடையில்கூட திரும்பச் சால்டர் வைத்துக் கொடுப்பார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால்தான் புது போர்டு.

இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் கூடவே துடிக்கிறது. (அரியாங்குப்பம்)

எர்த். வேறு எதையும் தேட வேண்டாம். இண்டிகேட்டர் பல்பின் கரன்ட் திரும்பிப் போகச் சரியான வழி கிடைக்காமல் மீட்டரின் எர்த்தில் நெருக்கியடிக்கிறது. மேலே சொன்னபடி சுரண்டி இறுக்குங்கள்.

சான்ட்ரோ. முள்ளோடையில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு வருவேன். பாதிக்கு இறங்கும்வரை முள் ஒழுங்காக இருக்கிறது, அதன்பின் சட்டென்று காலி காட்டுகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடி எழுகிறது. (மஞ்சக்குப்பம்)

கடலூர்க்காரர்கள் பாண்டிச்சேரி எல்லையில் பெட்ரோல் போடுவது ஊரறிந்த விஷயம், அதில் தப்பில்லை. உங்கள் கோளாறு டேங்கில் இருக்கும் ஃப்ளோட் யூனிட்டில். ஃப்ளோட்டின் கை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையில் உரசிக்கொண்டே ஏறி இறங்கும். பட்டை தேய்ந்த இடத்துக்குக் கை வரும்போது தொடர்பு அறுந்துபோகும். எப்போதும் ஒரே அளவில் அறுந்தால் சந்தேகமே இல்லை, பட்டைதான்.

உறுதி செய்ய, சாவியை அணைத்துவிட்டு ஃப்ளோட்டுக்குப் போகும் கப்ளரைக் கழற்றுங்கள். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். அதில் மீட்டர் முள்ளுக்குப் போகும் கேஜ் ஒயரை எர்த்தோடு சேர்த்த பிறகு சாவியைப் போட்டு, சில வினாடிகளில் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் முள் ஃபுல் பக்கம் போகும், சிலவற்றில் காலி பக்கம். எந்தப் பக்கம் போனாலும் சரி, அசைந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. சாவி போட்ட நிலையில் அங்கே ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுக்காதீர்கள், பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். மூடியைத் திறந்து யூனிட்டை வெளியே எடுப்பதைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். மாற்றும்வரை ட்ரிப் மீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது, காலி டேங்கில் ஓடினால் அதற்கு ஆயுசு குறையும்.

ஈ.சி.ஆரில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து திடீரென்று அடிமட்டத்துக்கு விழுகிறது. லூஸ் கான்டாக்ட்தானே? (முத்தியால்பேட்டை)

இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்து ஓட்டாதீர்கள். கூலன்ட் குறைந்து சென்சாரைச் சுற்றி வெறும் காற்று மட்டும் இருந்தாலும் முள் விழும், இன்ஜின் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து அளவு பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் சரியாக இருந்தால் சென்சார் ஒயரை ஆட்டிப் பாருங்கள். சமீபத்தில் சென்சார் மாற்றியிருந்தால் இன்னொரு சங்கதி: கசிவுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். ஒற்றை ஒயர் சென்சார் அந்த மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும், டேப் அதைக் கெடுத்துவிடும்.

அம்பாசடர். ஸ்பீடோ முள் பேயாட்டம் ஆடுகிறது. (நெல்லிக்குப்பம்)

கேபிள் வறண்டிருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். உள் கம்பியை உருவித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கத்து முனையில் மட்டும் வேண்டாம், கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும். இழை பிரிந்திருந்தால் புதுக் கேபிள்.

2024 ஃபெஞ்சல் மழையில் தண்ணீர் சீட்வரை வந்தது. அதிலிருந்து மீட்டரில் ஏதாவது ஒரு லைட் வந்து வந்து போகிறது. (ரெயின்போ நகர்)

மீட்டரைத் தொடாதீர்கள். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், டிரைவர் காலடியில் பக்கவாட்டு பேனலைக் கழற்றுங்கள். தண்ணீரில் ஊறிய கப்ளர்கள் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்து, காய்ந்தபின் மாட்டுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவ வேண்டாம். ஆயில் லைட் மின்னினால் மட்டும் ஒயரிங் என்று ஒதுக்காதீர்கள், முதலில் ஆயில் அளவு, அடுத்து பிரஷர் கேஜ் வைத்துச் சோதனை. கடைசியில் பழைய மீட்டர் வாங்கிப் போடத்தான் வேண்டும் என்றால், இரண்டு மீட்டர்களின் கிலோமீட்டரையும் பில்லில் எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.