நண்டு அளவைத் தாண்டிவிட்டது. வலையை எப்போது கரையேற்றுவது?

கேள்வி: ஐயா, தொண்டிக்குத் தெற்கே பாக் விரிகுடாக் கரையில் எங்கள் ஊர். 40 பைபர் படகுகள், எல்லாம் நீலக்கால் நண்டு வலை. பாடு, அதாவது வலையில் கிடைப்பது, குறைந்துகொண்டே வந்ததால், ஜனவரி முதல் டிசம்பர் வரை 60 டன்னுக்கு மேல் பிடிப்பதில்லை என்று சங்கத்தில் நாங்களே பேசி முடிவு செய்திருந்தோம். இந்த ஆகஸ்ட் கடைசியிலேயே 66 டன் ஆகிவிட்டது. உடனே நிறுத்த வேண்டும் என்கிறது ஒரு கட்சி. நவம்பர், டிசம்பரில் நிறுத்தலாம் என்கிறார் எங்களிடம் நண்டு வாங்கும் கம்பெனியின் ஏஜென்ட். அடுத்த ஏப்ரலில் அரசாங்கத் தடைக்காலம் வருகிறதே, அதுவே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி? (சங்கச் செயலாளர்)

பதில்: முதலில் ஒன்று. இந்த அளவை உங்கள் ஊரே வைத்தது. இங்கே கடலில் இத்தனை டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் எந்த ஊருக்கும் சொல்வதில்லை. 2001ல் 45 நாள் தடை வந்தது, 2017ல் அது 61 நாள் ஆனது. அதெல்லாம் காலண்டர் பார்த்து வைப்பது. எவ்வளவு பிடித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. துறைமுகத்தில் விசைப்படகுகள் மீன் இறக்குவதையாவது யாராவது எட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் கரையில் நண்டு ஐஸ் பெட்டியில் ஏறி வேனில் போகிறது, அதை எழுதுகிற ஆள் இல்லை. இத்தனை வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நீங்களே எழுதி, நீங்களே கூட்டி, தாண்டிவிட்டோம் என்று கடிதமும் போட்டிருக்கிறீர்கள். அதுவே பெரிய விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். எட்டு மாதத்தில் 66 டன். தொழிலுக்குப் போன நாள் சுமார் 165 என்று வைத்தால், ஊருக்கு ஒரு நாளைக்கு 400 கிலோ, படகுக்கு 10 கிலோ. கம்பெனி தந்த எடைச் சீட்டுகளின்படி செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும் இதே பாடுதான், சில நாள் கூடுதல். வாரத்தில் நாட்டுப்படகுக்கு, அதாவது உங்களுக்கு, ஒதுக்கியது நான்கு நாள். ஆக ஐந்து வாரத்தில் 20 நாள், 8 டன்.

இப்போது ஏஜென்ட் சொல்லும் நவம்பர், டிசம்பரைப் பாருங்கள். அது வாடைக்காற்றும் மழையும். அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் கடலுக்குப் போகும் நாளே கொஞ்சம். போன நாளிலும் ஊருக்கு 100 கிலோ வந்தால் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 20 நாள் போனாலும் 2 டன். அதாவது இப்போது 8 டன் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் 2 டன்னை விட்டுக்கொடுங்கள் என்கிறார். எப்படியும் படகு கரையில் கிடக்கும் மாதத்தில் தடை என்று போர்டு வைப்பதில் நண்டுக்கு என்ன லாபம்? ஏஜென்ட்டுக்கு லாபம் உண்டு. செப்டம்பரில் அவருடைய ஐஸ் பெட்டி நிறைகிறது.

ஆகவே இப்போதே நிறுத்துங்கள். வாடை கிளம்பும்வரை, அதாவது அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் நண்டு வலை இறங்கக் கூடாது. நேர்மையாகப் பார்த்தால் டிசம்பர் வரைக்குமே நிறுத்த வேண்டும். ஆனால் நான்கு மாதம் அடுப்பு எரிய வேண்டுமே. அதனால் மழைக்காலத்தில் போகிறவர் போகட்டும், வருவதை எழுதிவையுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போது நிறுத்துவதால் பழைய கடன் அடையாது, மேலும் கடன் ஏறாது, அவ்வளவுதான். தாண்டிப் பிடித்த 6 டன்னையும், மழைக்காலத்தில் வரப்போவதையும் அடுத்த வருஷக் கணக்கில் கழிக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் உங்கள் அளவு 60 அல்ல, 54க்கும் கீழே. இதை இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜனவரியில் கேட்டால் ஒருவருக்கும் நினைவு இருக்காது.

அந்த 66ம் முழுக் கணக்கு அல்ல என்பது என் சந்தேகம். கம்பெனிச் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நல்ல நண்டு ஒரு வரியில், தண்ணி நண்டு ஒரு வரியில் இருக்கும். நீங்கள் கூட்டியது முதல் வரியை மட்டும்தானே? சட்டை கழற்றி இன்னும் சதை வைக்காத தண்ணி நண்டுக்கு விலை இல்லை, ஆனால் அதுவும் கடலிலிருந்து போன நண்டுதான். சின்ன நண்டு கம்பெனிக்கே போகாமல் சந்தைக்குப் போகிறது, அதற்குச் சீட்டே கிடையாது. நீங்கள் 60ஐ தாண்டியது ஆகஸ்டில் அல்ல, ஜூலையிலேயே என்று தோன்றுகிறது. தடையைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். கணக்கு எப்போதும் வலைக்குப் பின்னால்தான் வரும்.

தேதியை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு ஊரில் நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் நிறுத்தம் என்று அறிவித்துவிட்டு எல்லாரும் காப்பி குடித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் படகுக்கு எட்டுக் கட்டு வலை போட்டவர் பதினைந்து கட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார். தடை தொடங்குவதற்குள் தடையால் மிச்சமாகவேண்டியது முழுக்க வந்து இறங்கிவிட்டது. அலாஸ்காவில் 1995க்கு முன்பு ஹாலிபட் மீனுக்கு இப்படித்தான், வருஷத்தில் இரண்டு மூன்று முறை 24 மணி நேரம் மட்டும் திறப்பார்கள். புயல் என்றும் பாராமல் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அதனால் கூட்டத்துக்கும் தடைக்கும் நடுவே மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள். தடை தொடங்குவது படகு நின்ற நாள் அல்ல, கடைசி வலை கரைக்கு வந்த நாள். படகு கரையில், வலை மட்டும் கடலில் கிடக்கிறது என்றால் நண்டுக்கு என்ன வித்தியாசம்?

அடுத்தது, எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி: கறிக்கு மட்டும் கொஞ்சம் பிடிக்கலாமா? இதற்குத்தான் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு படகு 3 கிலோ என்று வையுங்கள், யாருக்கும் கண்ணில் படாது. 40 படகு என்றால் 120 கிலோ. 20 நாளில் 2,400 கிலோ. நீங்கள் மிச்சப்படுத்த நினைத்த 8 டன்னில் இரண்டரை டன் கறிக்குப் போயிற்று. அதோடு நிற்காது. மூன்று கிலோ கறிக்குப் போடுகிற வலையும் அதே நண்டு வலைதான். அதில் சினை நண்டு ஏறும், விடியற்காலை கழற்றும்போது கால் உடையும், உடைந்ததை யார் திரும்ப விடுவார்? அப்புறம் மாமா வீட்டுக்கு இரண்டு, மச்சான் வீட்டுக்கு இரண்டு. அந்த மூன்று கிலோ ஐந்தாகும். ஐந்து கிலோ இருந்தால் ஏஜென்ட் பையன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்வான். இப்படித்தான் தடை உள்ளிருந்து ஓட்டையாகும். கறி வேண்டுமா, மீன் வலை போடுங்கள். மீன் வலையில் தப்பித்தவறி நண்டு மாட்டினால், உயிரோடு இருப்பதைக் கடலிலேயே விடுங்கள், செத்ததை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். படகில் நண்டு வலை ஒரு கட்டுகூட இருக்கக் கூடாது. விதி இவ்வளவு எளிதாக இருந்தால்தான் கரையில் நிற்கும் கிழவிகூட யார் மீறினார் என்று சொல்ல முடியும்.

மூன்றாவது கட்சிக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடை விசைப்படகுக்கு. உங்கள் பைபர் படகுக்கு அல்ல. அந்த 61 நாளில்தான் இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துப்போகும் வலை, இல்லாமல் கடல் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது, வலை அறுபடுவதில்லை, விலையும் ஏறுகிறது. அப்போது நீங்கள் கூடுதலாகத்தான் பிடிப்பீர்கள். ஆகவே அரசாங்கத் தடை நம் நண்டைப் பார்த்துக்கொள்ளும் என்பது வெறும் ஆறுதல். ஆனாலும் அவர்கள் பேச்சில் பாதி நியாயம் உண்டு. நீங்கள் விட்ட சினை நண்டை அடுத்த நாள் இழுவைமடி வாரிக்கொண்டு போகாத ஒரே காலம் அது. அடுத்த வருஷத்துக்கு மூன்று வாரத் தடை ஒன்றை முன்கூட்டியே திட்டமிட்டால், சினை அதிகமுள்ள நாள்கள் அந்த 61க்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அங்கேயே வையுங்கள்.

சினை எப்போது அதிகம் என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் நண்டிடம் கேளுங்கள். பாக் விரிகுடாவில் வருஷம் முழுக்கச் சினை நண்டு கிடைக்கும், கூடுவதும் குறைவதும் உண்டு. மழை ஓய்ந்து மறுபடி தொழில் தொடங்கியதும் வாரத்தில் ஒரு நாள், வலை கழற்றும் பெண்களிடம் சொல்லி 100 பெட்டை நண்டில் எத்தனை சினை என்று எண்ணச் சொல்லுங்கள். மஞ்சள் சினை தனி, கறுத்த சினை தனி. கறுத்திருந்தால் சில நாளில் பொரியப்போகிறது, ஒவ்வொன்றிலும் பல லட்சம். கறுப்பு ஏறத் தொடங்கும் வாரம் தெரிந்தால் தேதி தானாகக் கிடைக்கும். கொல்லம் பக்கத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள் செய்தது இதுதான். 1991ல் 10,000 டன் எடுத்தார்கள், 1993ல் பாதியாக விழுந்தது. அதன் பிறகு இனப்பெருக்க மாதங்களான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை என்று நிறுத்தினார்கள். மட்டி திரும்பி வந்தது. 2014ல் நாட்டிலேயே முதல் எம்எஸ்சி சான்றும், அதாவது கடல்வளம் அழியாமல் பிடிக்கிறார்கள் என்று தரும் சர்வதேசச் சான்றும், அந்தக் காயலுக்குத்தான் கிடைத்தது.

நாமே நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே கடல் அட்டை இருக்கிறது. 1982ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். யார் அளந்தார்? 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து ஒட்டுமொத்தமாகத் தடை போட்டார்கள். அதற்குத் தொடக்க தேதி உண்டு, முடிவு தேதி இல்லை. மூழ்கி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் என்ன செய்யும் என்று கேட்க அலுவலகத்தில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. லாபம் பார்த்தவர்கள் ராத்திரியில் கடத்துகிற தரகர்கள் மட்டும்.

நாங்கள் நிறுத்தினால் பக்கத்து ஊர்க்காரன் பிடிப்பானே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பிடிப்பான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊர்த் தலைவரிடமாவது இந்த வாரமே பேசுங்கள். அவர்கள் சேராவிட்டாலும் உங்கள் தேதியை மாற்றாதீர்கள்.

கூட்டம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் 40 பேரில் எத்தனை பேர் ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். தடை என்றதும் அவர் முதலில் செய்வது, பணத்தைத் திருப்பு அல்லது வலை போடு என்பதுதான். இரண்டாவது, கிலோவுக்கு முப்பது நாற்பது கூட்டித் தருவதாக ஆசை காட்டுவது. ஐந்து வாரம் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, சீட்டுத் தொகையில் கழிக்கக் கூடாது என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் சங்கப் பணத்திலிருந்து அவசரக்காரர்கள் நாலைந்து பேர் கணக்கை முதலில் முடித்துவிட்டு, பழைய சீட்டுகளையெல்லாம் கையில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு தேதியைச் சொல்லுங்கள்.