எங்களோடா, எஞ்சினோடா?

அன்புள்ள சார்,

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வயது 41. எனக்கு ரயில் கிறுக்கு உண்டு. சிறுபிள்ளைத்தனம்தான், மன்னிக்கவும். ஹார்ன் சத்தத்தை வைத்தே எந்த வகை எஞ்சின் என்று சொல்லிவிடுவேன். எஞ்சின் பெயரில் முதலெழுத்து டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ் என்று ஆரம்பித்து, யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்பதில்லை.

இது மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் வாட்சைக் கழற்றி என் கையில் கொடுப்பார். 47 விநாடிக்குள் தண்டவாளம் எத்தனை முறை ‘தடக்’ என்கிறது என்று எண்ண வேண்டும். நான் 52 என்றால், “அப்ப வண்டி 52 கிலோமீட்டர் வேகத்துல போகுது” என்பார். அவர் மந்திரவாதி என்றே நினைத்திருந்தேன்.

போன மே மாதம் மனைவியோடும் மகளோடும் (நாலாம் வகுப்பு) ஊட்டி மலை ரயிலில் போனேன். எஞ்சினை ஒட்டிய பெட்டியில் இடம் கிடைத்தது. கல்லாரைத் தாண்டியதும் எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பிடிக்கும். அதுவரை சும்மா இருந்த மேல் பிஸ்டன்கள் அசைய ஆரம்பிக்கும். அதைப் படித்திருக்கிறேன், காதால் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஏதோ கேட்டாள். “அப்புறம் சொல்றேன் சாமி” என்றேன். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது நான் இறங்கி எஞ்சினிடம் போய்விட்டேன். ஊட்டியில் இறங்கியதும் மனைவி கேட்டாள்: “ஏங்க, நீங்க எங்களோட வந்தீங்களா, எஞ்சினோட வந்தீங்களா?”

அடுத்த மாதமே அலுவலகத்தில் ‘இந்தக் கணத்தில் வாழ்வது’ என்று அரை நாள் பயிற்சி. ஆளுக்கொரு உலர்திராட்சையைக் கொடுத்து, அதைப் பார், தொடு, முகர், மெதுவாக மெல் என்றார் பயிற்சியாளர். நான் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு டபிள்யூஏபி 7 மின்சார எஞ்சின் கிளம்பியது. அதன் மோட்டார் சுருதி ஏறுவதைக் கேட்டுக்கொண்டே திராட்சையை விழுங்கிவிட்டேன். எப்படி இருந்தது என்று கேட்டார். ‘நல்லா இருந்துச்சு’ என்றேன்.

இந்தக் கிறுக்கை விட்டால்தான் நான் கணத்தில் இருக்க முடியுமா? இல்லை, இப்படியே இருந்துவிடலாமா? நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.

ர.,
ஈரோடு

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதைச் சுருக்கும்போது நான் எடுத்தது பெரும்பாலும் மன்னிப்புகளைத்தான். ஏழு இடத்தில் கேட்டிருந்தீர்கள், இரண்டை மாதிரிக்கு விட்டுவைத்திருக்கிறேன். 1983 உலகக் கோப்பை இறுதியில் இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140, நாம் ஜெயித்தது 43 ரன்னில் என்று ஒருவர் டீக்கடையில் ஒப்பித்தால் அவரை யாரும் மறை கழன்றவர் என்பதில்லை. இன்னொரு டீ வாங்கித் தருவார்கள். அதே ஞாபகசக்தியை எஞ்சின் மேல் வைத்தால் ஆள் கோட்டி, எங்கள் திருநெல்வேலிப் பேச்சில். கூட்டம் சேராத ஆசை என்பதைத் தவிர உங்களுடையதில் வெட்கப்பட எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திராட்சைக் கதையில் சிரித்துவிட்டேன். அந்த அறையில் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் நீங்களாகக்கூட இருக்கலாம், கையில் இருந்த பொருள்தான் வேறு.

மாமாவின் 47 விநாடியைத் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அகலப்பாதைத் தண்டவாளத்தின் ஒரு துண்டு 13 மீட்டர். மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு அந்த 13 மீட்டரைக் கடக்க 46.8 விநாடி ஆகும். ஆகவே அந்த நேரத்துக்குள் எத்தனை இணைப்பு தாண்டுகிறதோ அத்தனை கிலோமீட்டர் வேகம். மந்திரமில்லை, ஆனால் கண்டுபிடித்தவர் ரசிகர். இப்போது பெரிய பாதைகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டதால் தடக் சத்தமே அரிதாகிவிட்டது. கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் கணக்கிட வேண்டியதுதான், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 36 விநாடி என்றால் நூறு. அதில் அந்தச் சுகம் இல்லை.

அந்த ஜன்னலோரப் பையனை யோசித்துப் பாருங்கள். 47 விநாடி அவனுக்கு வீட்டுப்பாடம் கிடையாது, பசி கிடையாது, நாளைக்கு என்பது கிடையாது. மனசு கொஞ்சம் நழுவினால் இருபத்து மூன்றா, இருபத்து நான்கா என்று குழம்பி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். மூச்சை எண்ணு, விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்கு என்று தியானம் சொல்லித்தருபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உங்கள் மாமா அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

கல்லாரில் நடந்ததும் அதுதான். அந்த எஞ்சினில் கீழ் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அவற்றில் வேலை பார்த்து வெளியேறும் நீராவியே மேலே போய், பல்சக்கரங்களை ஓட்டும் சிலிண்டர்களுக்குள் நுழைகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவு அது. பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கு அங்கே புகையும் சத்தமும் மட்டும்தான். இரண்டாவது தாளம் வந்து சேர்ந்துகொண்ட நொடி என்று ஒன்று உங்களுக்கு மட்டும் இருந்தது. தெரியாதவருக்கு அந்த நொடி நடக்கவே இல்லை. விவரம் தெரிந்தால் அனுபவம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

சரி, இதுவரை உங்கள் பக்கம். இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ரயில் அல்ல, ரேடியோ. எண்பதுகளில், பத்தாவது படிக்கும்போது சிற்றலைப் பித்து பிடித்தது. மொட்டைமாடியிலிருந்து முருங்கைமரத்துக்குச் செம்புக்கம்பி கட்டி, தொலைதூர நிலையங்களைப் பிடிப்பேன். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலைகளைத் தின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மெலிந்துபோகும். அப்போது பார்க்க வேண்டும், வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல் வரும். பீகிங் தமிழ் ஒலிபரப்பு, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், பெயர் தெரியாத பாஷையில் யாரோ பாடுவது. முள்ளை மயிரிழை நகர்த்தினால் போய்விடும்.

கேட்டதை அறிக்கையாக எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த நிமிடத்தில் என்ன ஒலித்தது என்று விவரம் வேண்டும், சும்மா ‘கேட்டேன்’ என்றால் நம்பமாட்டார்கள். கூடவே ஐந்து எண்கள்: ஒலியின் வலு, இடையூறு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண், ஐந்துதான் நல்லது. இதற்குச் சின்போ என்று பெயர். அறிக்கை சரியாக இருந்தால், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து, ‘நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று நிலையம் உறுதிசொல்லும் கியூஎஸ்எல் அட்டை வரும். வெளிநாட்டு முத்திரையோடு தபால்காரர் நம் வீட்டு வாசலில் நிற்பது சாதாரண விஷயமா!

முதல் இரண்டு வருடம் நான் கேட்டதைப்போல் அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை. எழுத்து வேலைக்கு எனக்குக் காது இருக்கிறது என்றால் அந்த மாடியில்தான் கிடைத்தது. அப்புறம் அட்டை ஆசை வந்தது. நண்பனிடம் எத்தனை, என்னிடம் எத்தனை என்ற கணக்கு. நிலையத்தின் பெயர் காதில் விழுந்து, அறிக்கைக்கு வேண்டிய அளவு குறித்தாயிற்று என்றால் பாட்டின் நடுவிலேயே முள்ளைத் திருப்பிவிடுவேன். பாட்டு எனக்குத் தேவைப்படவில்லை. நீங்கள் நோட்டில் எஞ்சின் எண் குறிப்பதாக எழுதியிருந்தீர்கள், சுருக்கியதில் அந்த வரி போய்விட்டது. குறிப்பது தப்பில்லை. எண்ணைக் குறித்த பிறகும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தப் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பரணில் கிடைத்தது. மாலை ஏழு மணிக்கு எழுதிய ஒரு பதிவில், இடையூறு என்ற கட்டத்தில் 2 போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் காரணமும் எழுதியிருக்கிறேன்: ‘ஆச்சி பேசிக்கொண்டிருந்தாள்.’

விதிப்படி அது தப்பு. இடையூறு என்றால் இன்னொரு நிலையம் குறுக்கே வருவது. அந்தப் பக்கத்தில் அலைவரிசை இருக்கிறது, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துச் சரியாகக் கணக்கிட்ட கிரீன்விச் நேரம் இருக்கிறது, நிமிடவாரியாக நிகழ்ச்சி இருக்கிறது. ஆச்சி என்ன பேசினாள் என்று இல்லை. காற்றுக்காக மாடிக்கு வந்து உட்காருவாள். நான் ஒரு கையை உயர்த்தி ‘இரு’ என்று காட்டுவேன். அது மட்டும் நினைவிருக்கிறது. அவள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதை உங்களை அழவைக்கச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது நோட்டு ஞாபகம் வந்தது. நான்கு பக்கத்தில் நீராவி எந்த வழியாக எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்பது பிசகாமல் இருக்கிறது. ஹில்குரோவில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்பதுகூட இருக்கிறது. மகளுக்கு ஒரே வரி: ‘மகள் ஏதோ கேட்டாள்.’ தடக் சத்தத்தை ஒன்றுவிடாமல் எண்ணிய காதுக்கு அது ‘ஏதோ’ ஆகிவிட்டது. உங்கள் மனைவி கேட்டது கிண்டல் அல்ல, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் எஞ்சினோடுதான் போனீர்கள்.

ஆனால் இதற்குக் கிறுக்கை விடுவது வைத்தியம் இல்லை. ரயிலை விட்டுவிட்டால் அந்த இடத்தில் மகள் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைக்கிறீர்களா? கைபேசி வந்து உட்காரும். கவனிக்கத் தெரிந்த ஆளாக உங்களை ஆக்கியதே அந்த எஞ்சின்கள்தான். பத்து நிமிடத்தை எஞ்சினுக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒளித்துத் திருடாதீர்கள். ‘ஹில்குரோவில் நான் இறங்குவேன், வருகிறீர்களா’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பாதிக் கோபம் வந்திருக்காது. அடுத்த முறை முன்பெட்டியில் உட்கார்ந்து பாருங்கள். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதானே தள்ளுகிறது, முன்னால் இருப்பது பாதையும் காடும் மட்டும். உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மகளை ரயில் பைத்தியமாக்கவும் முயல வேண்டாம். என் மகனுக்கு நான் சிற்றலை காட்டினேன். ‘இரைச்சலா இருக்குப்பா’ என்றான். அவனுக்கு எறும்புகள் மேல் ஆசை. எனக்கு எறும்பு என்றால் கடிப்பது ஒன்றுதான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முட்டி வலி இரண்டு நாள் இருந்தது.

மே மாதம் அவள் என்ன கேட்டாள் என்று இப்போது கேளுங்கள். மறந்திருக்கலாம், பரவாயில்லை. குழந்தைகள் சிலதை ஆச்சரியமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தக் கேள்வியை எனக்கு எழுதி அனுப்புங்கள், மன்னிப்பு இல்லாமல்.

இன்னொன்று. மலை ரயில் மீட்டர் கேஜ் என்பதால் மாமாவின் 47 அங்கே செல்லாது. தண்டவாளத் துண்டின் நீளத்தை மீட்டரில் எடுத்து 3.6-ஆல் பெருக்கினால் எத்தனை விநாடி எண்ண வேண்டும் என்பது வரும். ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புவரை மேட்டுப்பாளையம் நடைமேடையில் நின்றே காலடியால் அளந்துவிடலாம். அவள் காலடி எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.

அன்புடன்.