சேலத்திலிருந்து போய்க் கல்லூரியில் ரோயிங் தொடங்க முடியுமா?

மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நல்ல உயரம், கல்லூரியில் ரோயிங் (துடுப்புப் படகுப் பந்தயம்) சேர ஆசைப்படுகிறாள், இதுவரை ஏறிய ஒரே படகு ஏற்காடு ஏரிப் படகுதான், 18 வயதில் ஆரம்பித்தால் தேறுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தேறுவாள். டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் நானே வேண்டாம் என்பேன். ரோயிங்குக்கு உயரமும் கால் பலமும் நுரையீரலும் வேண்டும், ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யும் பொறுமையும் வேண்டும். இதெல்லாம் 18 வயதில் வந்து சேர்ந்தாலும் போதும்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கம் வாங்கியது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களில் பலர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் துடுப்பையே தொட்டார்கள். அதே அமெரிக்காவின் அனிதா டிஃப்ரான்ட்ஸ் கனெக்டிகட் கல்லூரி வளாகத்தில் ஒரு பந்தயப் படகைப் பார்த்து, இது என்ன என்று விசாரித்தவர். பெண்கள் ரோயிங் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்த 1976இலேயே வெண்கலம் வாங்கினார். அங்கே 1972இல் வந்த ஒரு சட்டம் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்பு தரச் சொன்னது. அங்கே கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து (நம்மூர் கால்பந்து இல்லை) அணிகளில் ஆண்கள் ஏராளம். அதை ஈடுகட்ட, நிறையப் பேரைச் சேர்க்கக்கூடிய பெண்கள் ரோயிங் அணிகளைப் பல பல்கலைக்கழகங்கள் தொடங்கின. படகே பார்த்திராத உயரமான முதலாண்டு மாணவிகளைக் கோச்சுகள் தேடிப் பிடிப்பதும் வழக்கமானது.

எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. சென்னையில் படிக்கும்போதுதான் ரோயிங் கற்றுக்கொண்டேன். ஏற்காடு துடுப்புப் படகில் இருக்கை அசையாது. கையும் முதுகும்தான் இழுக்கும். பந்தயப் படகில் இருக்கைக்கு அடியில் சக்கரம் உண்டு, முன்னும் பின்னும் ஓடும். முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலால் பலகையை உதைத்துத் தள்ள வேண்டும். கைக்கு வேலை கடைசியில்தான். எட்டுப் பேரில் ஒருத்தி கொஞ்சம் முந்தி இறக்கினாலும் படகு ஒரு பக்கம் சரியும், அடுத்தவள் துடுப்பு தண்ணீரில் தட்டும். எங்கள் கோச் சார் "அவசரப்படாதே, முன்னால் உட்கார்ந்திருப்பவள் முதுகைப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடையும், ரசம் சாதம் பிசையும்போது எரியும். ஆனால் எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில் இறங்கினால் படகு அப்படியே எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். அதை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலவரம் வேறு. இங்கே பெரிய வீரர்களில் பெரும்பாலோரை உருவாக்கியது ராணுவம், கல்லூரி இல்லை. 2010 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு ரோயிங்கில் முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த பஜ்ரங் லால் தாக்கர் ராணுவ வீரர். நாசிக் பக்கத்து வறண்ட கிராமத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த தத்து போகானல் 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகு துடுப்பு பிடித்தவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 13ஆவது இடம். தாமதமாகத் தொடங்கியும் ஜெயிக்கலாம் என்பதற்கு அவரை விட வேறு யாரைச் சொல்ல? கல்லூரிகளும் இதை மனதுவைத்துச் செய்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. மேட்டூரில் அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தை வைத்துக்கொண்டு நம் மாவட்டப் பிள்ளைகள் பரிசலோடு நின்றுவிடுகிறார்கள்.

சரி, மகளுக்கு வருவோம். சென்னையில் கல்லூரி பாருங்கள். அடையாற்றில் 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது; அந்த ஊரில் இந்த விளையாட்டுக்கு வேர் உண்டு. அட்மிஷனுக்கு முன்பே உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்து, படகும் கோச்சும் எங்கே, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு எப்போது என்று கேளுங்கள். விளம்பரத்தாளில் படம் இருப்பதை நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். அதுவரை ரோயிங் மெஷின் உள்ள ஜிம் ஒன்றைப் பிடியுங்கள். 2000 மீட்டர்தான் வழக்கமான ஒலிம்பிக் தூரம், அந்த மெஷினிலும் அதுதான் அளவுகோல். முதல் மாதம் நேரத்தைப் பார்க்காமல் கால், முதுகு, கை என்ற வரிசையை மட்டும் சரியாகப் பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கலாம்; இருபது கொண்டை ஊசி வளைவும் காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி. நீச்சல் தெரியாது என்றால் அதுதான் முதல் வேலை, இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.