ஒத்திகைக்கு ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் ஒரு கூடம் காலியாகக் கிடக்கிறது. திருநர்களும் பிற பால்புதுமையரும் (குயர் மக்கள்) சேர்ந்து நடத்தும் சிறிய கலைக்குழு ஒன்று, கரகாட்டம், வில்லிசை, நாடகம் ஆகியவற்றின் ஒத்திகைக்காக அதை வாடகைக்குக் கேட்கிறது. என் மனைவிக்குச் சம்மதம், அண்ணன் மறுக்கிறார். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நம் மாவட்டத்துக் கோயில் கொடை விழாக்களில் ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடுவதை யாரும் குறை சொன்னதில்லை. அப்படியிருக்க, தனியாக ஒரு குழு எதற்கு? கலைஞர்களை அது பிரித்துவிடாதா? பரிவின் பேரில் கலையின் தரம் தளர்ந்துவிடாதா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

வேடத்தை நம் ஊர் ஒருநாளும் வெறுத்ததில்லை என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் என்னும் தோல்வாத்தியம் முழங்க, சலங்கை கட்டிப் பெண்வேடத்தில் ஆடுகிறவர்கள் ஆண்களே. நாடகக் கம்பெனிகளின் காலத்தில் ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கென்றே கூட்டம் வந்தது. ஔவையாராக நடித்த டி. கே. சண்முகத்தின் பெயரோடு அந்த வேடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. எல்லை தாண்டிக் கொல்லம் மாவட்டத்துச் சவராவுக்குப் போனால், கொட்டன்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதந்தோறும் ஆண்கள் பெண்ணுடை அணிந்து விளக்கேந்தி நிற்பதைக் காணலாம்.

ஆனால், விடிந்த பிறகு என்ன நடக்கிறது? பல ஆண்டுகளுக்கு முன் தோவாளைப் பக்கத்தில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். கணியான் கூத்தும் கரகாட்டமும் இருந்தன. அதிகாலையில் கோயிலுக்குப் பின்னால் கூத்தாடியவர் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து முகத்துச் சாயத்தைத் துடைத்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் அமர்ந்தார். கடைக்காரர் “அண்ணே, பால் கூட்டிப் போடட்டுமா?” என்று கேட்டார். கரகம் ஆடியவர் ஒரு திருநங்கை. அவரும் முகம் கழுவினார்; ஆனால் அவருடைய புடவை வேடமாகக் கட்டியதன்று, ஆகவே கழற்ற எதுவும் இல்லை. தலையில் இருந்த பிச்சிப்பூ வாடியிருந்தது. இரவு முழுவதும் அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்திருந்த அதே ஆட்கள் பெஞ்சில் அவருக்கு இடம் விடவில்லை. காகிதக் கோப்பையில் டீயை வாங்கிக்கொண்டு, முதல் பஸ் வரும்வரை சாலையோரத்தில் நின்றே குடித்தார். அன்று நானும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன், எழுந்திருக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

நீங்கள் கேட்ட தனிக் குழு அந்தக் காலைப்பொழுதுக்காகத்தான் தேவைப்படுகிறது. ஆட்டத்துக்கு மேடை கிடைத்துவிடும். ஆடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, நள்ளிரவுக்குப் பிறகு ஊர் திரும்ப வண்டி, பேசிய கூலியைக் குறைக்காமல் வாங்கித் தர ஒரு ஆள், மறுக்காமல் சொல்லிக்கொடுக்கும் ஆசான் ஆகியவைதாம் கிடைப்பதில்லை. தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாத கலைஞரின் நிலை இன்னும் கடினம், ஏனெனில் செட்டு சேர்க்கிறவர் முதலில் கேட்பதே ஆட்டக்காரனா, ஆட்டக்காரியா என்பதைத்தான். இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது; அந்தச் சொற்கள் இன்னும் கொடைப்பந்தல் வரை வந்து சேரவில்லை. இதோடு நம் மாவட்டத்தின் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மண் இது. மழை மாதங்களில் அழைப்பு குறையும்போது, குடும்பத்தோடு இருக்கும் கலைஞருக்கு வீட்டில் கஞ்சியாவது உண்டு. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவருக்குக் குழுவே வீடு. ஏற்கெனவே வெளியே நிற்கிறவர்கள் கூடி நிற்பதைப் பிரிவினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரத்தைப் பற்றிய உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். மதுரையில் பிறந்த திருநங்கை பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜைத் தஞ்சாவூர் கே. பி. கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உடன் வைத்துக் கற்பித்தார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற அந்த நாட்டியத்தில் சலுகைக்கு இடமே இருந்ததில்லை. கதவு திறந்தது, பிறகு உழைப்பு தன் வேலையைச் செய்தது. கொட்டாரத்துப் பக்கம் வாழ்ந்து 2018-ல் மறைந்த வில்லிசைக் கலைஞர் பூங்கனியையும் நினைத்துக்கொள்கிறேன். ஆண்களே பெரும்பாலும் அமர்ந்திருந்த வில்லின் முன் சிறுவயதிலேயே அமர்ந்து, வீசுகோலால் ஊர்களைக் கட்டிப்போட்டவர் அவர். முதுமையில் வறுமைதான் அவருக்குத் துணையிருந்தது. அப்பேர்ப்பட்டவரையே கைதட்டல் காப்பாற்றவில்லை என்றால், பெஞ்சில் இடம் கிடைக்காதவரை அது எப்படிக் காப்பாற்றும்?

அந்தக் குழுவினரிடம் நான் கேட்டுக்கொள்ள விரும்புவதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கலைஞரை நிறுத்தி, அவர் பட்ட துன்பத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். 2014-ல் சென்னையில் திருநங்கைக் கலைஞர் லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் தொடங்கிய பன்மை நாடகக்குழுவைப்போல, சொந்த வாழ்வைத் தாமே விரும்பி நாடகமாக்குவது வேறு. கண்ணீரை நுழைவுச்சீட்டாகக் கேட்பது வேறு. கரகத்தில் நிறைகுடம் அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து ஒருவரைப் பாராட்டும் மேடை அமைய வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ஒத்திகைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள், ஆகவே அனுமதி கேட்காமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது.

இனி, உங்கள் மாடி. அண்ணன் தயங்குவது பக்கத்து வீட்டார் பேச்சை நினைத்துத்தான் என்றால், ஒரு நாள் அவரை ஒத்திகைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வையுங்கள். வில்லடியின் தாளம் தெரியாத ஆள் நாஞ்சில் நாட்டில் யார் இருக்கிறார்கள்? வாடகையை ஊர் வழக்கப்படியே வாங்குங்கள், இலவசமாகக் கொடுக்க வேண்டாம். கூலி வாங்கி ஆடுகிறவர்கள் வாடகை கொடுத்துப் புழங்கட்டும். எத்தனை மணிவரை கொட்டலாம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், குளியலறைக்கு நல்ல தாழ்ப்பாளும் போட்டுத் தாருங்கள். ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் கீழே வந்து உட்கார்ந்து டீ குடிக்கும்படி முற்றத்தில் ஒரு பெஞ்சும் கிடக்கட்டும்.