காது அடைத்தது அழுக்கினால்தானா, வீட்டிலேயே எடுத்துவிடலாமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: தலைக்குக் குளித்ததிலிருந்து வலது காது அடைத்த மாதிரி இருக்கிறது, பட்ஸ் போட்டும் ஒன்றும் வரவில்லை. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடலாமா, இல்லை சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சும் வீடியோவைப் பார்த்துத் தானே செய்துகொள்ளலாமா?

நான் டாக்டர் இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் எனக்கு ஒருமுறை காது அடைத்தது, என் அப்பாவுக்கு ஒருமுறை அடைத்தது. இரண்டும் இரண்டு விதமாக முடிந்தன. அதனால்தான் எழுதுகிறேன். முதலில் அந்த பட்ஸைக் கீழே வையுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

எனக்கு நடந்தது ஒரு தீபாவளி அன்று. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன், வலது காதை யாரோ உள்ளங்கையால் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் போயிருக்கும், ஒற்றைக் காலில் குதித்தால் வந்துவிடும் என்று குதித்தேன். வரவில்லை. முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் மாவு மில் ஓடியது. நான் பேசுவது எனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டது. அதே சமயம் வாசலில் பிள்ளைகள் வெடித்த சரவெடி அந்தப் பக்கம் மட்டும் பாதிச் சத்தம்தான். பட்ஸை விட்டேன், கொஞ்சம் அழுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆஹா என்று இன்னும் ஆழமாக விட்டேன். அதுவரை பாதி கேட்டதும் நின்றுபோனது.

அடுத்து வீட்டு வைத்தியம். அம்மா பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சிப் புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினார். மச்சான் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி வந்தார், அது உள்ளே சோடா பாட்டில் திறந்ததுபோல் நுரைத்ததே ஒழிய அடைப்பு அப்படியே இருந்தது. பட்டறைக்குப் போனால் வெல்டர் அண்ணன் வண்டிச் சாவியை நீட்டி, "இதை விட்டு ஒரு சுத்து சுத்துங்க சார்" என்றார். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் குடைகிறார்கள். நல்லவேளை, நான் சுத்தவில்லை.

நாலாம் நாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். விளக்கு வைத்த சின்னக் குழலால் உள்ளே பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "பட்ஸ் போடுவீங்களா?" வாரம் ஒருமுறைதான் என்றேன். "அதான்" என்றார்.

அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. காதுத் துளை பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மீதி எலும்பு. குறும்பி, அதாவது நாம் காதழுக்கு என்று சொல்வது, சுரப்பது அந்த வெளிப்பங்கில் மட்டும்தான். செவிப்பறைக்குப் பக்கத்தில் சுரக்கவே சுரக்காது. அங்கே கட்டியாகக் கிடந்தால் பெரும்பாலும் நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததுதான். காதின் உள்தோல் செவிப்பறையில் தொடங்கி மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதில் குறும்பி அந்தத் தோலோடு வெளியே வந்து உதிரும். நாம் பட்ஸை எதிர்த்திசையில் செலுத்துகிறோம். நுனியில் ஒட்டி வருகிற துளியைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம், மிச்சமெல்லாம் உள்ளே இடிக்கப்படுகிறது. துப்பாக்கிக் குழாயில் மருந்து கெட்டிப்பதுபோல.

அப்புறம் குறும்பி அழுக்கே இல்லையாம். தூசியைப் பிடித்து வைக்கவும், தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும், கிருமியும் பூஞ்சையும் வளராமல் தடுக்கவும் உடம்பே பூசிக்கொள்கிற பூச்சு. மஞ்சள், தேன் நிறம், கறுப்பு எல்லாமே இயல்புதான். தொந்தரவு தராத வரை அதை எடுக்க வேண்டியதே இல்லை. இதைக் கேட்டு நான் கொஞ்சம் கடுப்பானேன். இருபது வருடமாக வாரா வாரம் செய்த வேலை வீண் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

பட்ஸ் போடாதவர்களுக்கும் அடைப்பதுண்டு. பிறவியிலேயே துளை குறுகலாக இருப்பவர்கள், வயதாகிக் குறும்பி உலர்ந்து இறுகியவர்கள், காது கேட்கும் கருவி போடுபவர்கள், பட்டறைகளில் சத்தத்துக்காக நுரை அடைப்பான் செருகுபவர்கள், நாள் முழுக்க இயர்போனோடு இருப்பவர்கள். குளித்ததும் திடீரென்று அடைப்பதற்குக் காரணம், ஏற்கெனவே முக்கால்வாசி மூடியிருந்த கட்டி தண்ணீரில் ஊறி உப்புவது. உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

குறும்பி அடைப்பு என்றால் அடைத்த உணர்வு, காது மந்தமாகக் கேட்பது, சொந்தக் குரல் உள்ளே ஒலிப்பது, சில சமயம் இரைச்சல், அரிப்பு, லேசான வலி அல்லது தலைசுற்றல் இருக்கும். காரணம் தெரியாத வறட்டு இருமல்கூட வரலாம், மூளையிலிருந்து தொண்டைப் பக்கம் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளைக்கு வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். ஆனால் காய்ச்சல், சீழ், ரத்தம், காதுமடலைத் தொட்டால் உயிர் போகிற வலி, இதெல்லாம் குறும்பியின் வேலை இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே டாக்டர்தான்.

இப்போது அப்பா கதை. எனக்குச் சரியாகி மூன்று வருடம் கழித்து, ஒருநாள் காலையில் எழுந்த அப்பா இடது காது கேட்கவில்லை, ஒரே இரைச்சலாக இருக்கிறது என்றார். வீட்டில் நான்தான் அனுபவசாலி அல்லவா? "அழுக்குதாம்ப்பா, கரைச்சிடலாம்" என்று எனக்கு அன்று விட்ட அதே சொட்டு மருந்தை வாங்கிக் கொடுத்தேன். மெடிக்கலில் இருந்தவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாள் விட்டோம். பத்தாம் நாள் டாக்டரிடம் போனால், காது சுத்தமாக இருக்கிறது, செவிப்பறை பளிச்சென்று தெரிகிறது என்கிறார். உள்காதில், நரம்புப் பக்கம், திடீரென்று கேள்விச் சக்தி போயிருக்கிறது. இது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார். அதன்பிறகு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் திரும்பியது, முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஒன்பது நாளை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கும். அப்பா மட்டும் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அன்று டாக்டர் காட்டிய சின்னச் சோதனை ஒன்று. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் அந்தச் சத்தம் பலமாகக் கேட்டால், வெளியே ஏதோ வழியை மறிக்கிறது என்று பொருள், குறும்பியாகவோ தண்ணீராகவோ இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் பழுது நரம்புப் பக்கம் இருக்கலாம், அன்றைக்கே கிளம்ப வேண்டும். டாக்டர்கள் இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். முனகல் ஒரு குறிப்பு மட்டுமே, அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. குளித்தது, நீந்தியது என்று எதுவுமே இல்லாமல் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், முனகல் என்ன சொன்னாலும் சரி, போய்க் காட்டிவிடுங்கள்.

சரி, சொட்டு மருந்துக்கு வருவோம். குறும்பிதான் என்று ஓரளவு தெரிந்து, கீழே சொல்லும் சிக்கல்கள் எதுவும் இல்லை என்றால், விடலாம். பாட்டிலை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றி, அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மூன்று சொட்டு. ஐந்து பத்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள். முதல் ஓரிரு நாள் அடைப்பு அதிகமானதுபோல் தோன்றும், கட்டி ஊறுகிறது, பயப்பட வேண்டாம். எந்த மருந்து சிறந்தது என்று ரொம்பத் தேடாதீர்கள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஐந்து நாள் சொட்டு விடுவது சும்மா இருப்பதைவிடக் குறும்பி முழுதாக நீங்க உதவலாம், ஆனால் ஒரு மருந்தைவிட இன்னொன்று மேல் என்றோ, வெறும் தண்ணீரையும் உப்புநீரையும்விட மருந்து மேல் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. ஆலிவ் எண்ணெயும் போதும். கடையில் கிடைக்கும் சில மருந்துகளின் அட்டையைப் படித்தால் டர்பன்டைன் எண்ணெய் என்று இருக்கும், குடைந்து குடைந்து தோல் கீறியிருந்தால் நன்றாக எரியும். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பூண்டு எண்ணெயில் பூண்டு என்ன செய்கிறதோ, எனக்குத் தெரிந்து எண்ணெய்தான் வேலை செய்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிச் சுட்டுக்கொள்வதுதான் அதில் உள்ள ஆபத்து.

யார் எதையும் விடக் கூடாது? செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சின்ன வயதில் சீழ் வடிந்தவர்கள். நம் ஊரில் இந்தக் கடைசி வகை நிறைய, பலருக்கு ஓட்டை இருப்பதே தெரியாது. குழந்தை காதில் புளியங்கொட்டையோ உளுந்தோ போட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் பட்டு உப்பிவிடும். பட்டன் பேட்டரி என்றால் சொட்டே விடாமல் உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் தண்ணீர் பீய்ச்சவே கூடாது, அவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை பரவும் அபாயம் உண்டு.

சிரிஞ்ச் விஷயம். மற்றவர்களுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அழுத்தம் கூடினால் செவிப்பறை கிழியலாம். தண்ணீரின் சூடு உடம்புச் சூட்டோடு பொருந்தாவிட்டால் உலகமே சுற்றும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற டாக்டர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது இதைத்தான் கவனித்தார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண் ஒரு பக்கமாகத் துடித்தது, சூடான தண்ணீர் பட்டால் எதிர்ப்பக்கமாகத் துடித்தது. உள்காது எப்படி நம்மை நிலைநிறுத்துகிறது என்ற ஆராய்ச்சி அதிலிருந்து வளர்ந்து, 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க் கைதி. தலைசுற்றலை ஆராய்ச்சி செய்ய ஆசை இல்லையென்றால் வீட்டில் சிரிஞ்ச் வேண்டாம்.

காதில் மெழுகுக் குழல் கொளுத்துவது பயனற்றது, முகம்தான் சுடும். கேமரா வைத்த காதுக் கரண்டியை மைத்துனி பெருமையாகக் காட்டினாள். போனில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. உள்பக்கத் தோல் எலும்பின் மேல் மெல்லிசாக ஒட்டியிருப்பது, லேசாகப் பட்டாலே ரத்தம் வரும்.

சொட்டு விட்டும் ஐந்தாறு நாளில் திறக்கவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். எனக்கு மருந்து விட்டு ஊறவைத்த பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். காதுக்குள் வாக்குவம் கிளீனர் வைத்த மாதிரி இரைச்சல், வலி பெரிதாக இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தது மிளகு அளவு இருக்கும் என்று நினைத்தேன், பேரீச்சங்கொட்டை பாதி அளவு கிடந்தது. அடுத்த நொடி அந்த அறையில் மின்விசிறி ஓடுவது கேட்டது. அதுவரை விசிறி ஓடுகிறது என்றே நான் கவனிக்கவில்லை. தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படி ஆகாது என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம், காலையில் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்பா இப்போது இடது காதுக்குக் கருவி போடுகிறார். கருவி போட்டால் குறும்பி சேரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருகிறோம். வீட்டில் மிச்சமிருந்த பட்ஸ் டப்பாவை அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் போட எடுத்துக்கொண்டார்.