எம்ஆர்என்ஏவில் தொப்பி, ஸ்பிளைசிங், வால்: ஒன்று முடிந்துதான் அடுத்ததா?

ஜீனிலிருந்து படியெடுத்து, புரதம் செய்யப் பயன்படும் நகல்தான் எம்ஆர்என்ஏ. அதன் முன்முனையில் தொப்பி போடுவது, நடுவில் வேண்டாததை வெட்டி மிச்சத்தை ஒட்டுவது (ஸ்பிளைசிங்), பின்முனையில் வால் சேர்ப்பது ஆகிய மூன்றும் வரிசையாக, ஆர்என்ஏ முழுதாகப் படியெடுத்த பிறகு நடக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டத்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் வருஷாவருஷம் இதையே கேட்பார்கள். "இல்ல மக்கா, எழுத எழுதவே வேலை நடக்கும்" என்பதுதான் என் பதில்.

படியெடுக்கும் நொதி ஆர்என்ஏ பாலிமரேஸ் 2. அதன் நீளமான கடைப்பகுதியைப் பற்றிக்கொண்டு, தொப்பி போடும் நொதிகளும் வெட்டி ஒட்டும் புரதங்களும் கூடவே வருகின்றன. ஆர்என்ஏ 20, 30 நியூக்ளியோடைடு (அதாவது எழுத்து) நீளம் வந்ததுமே அதன் 5' முனையில், அதாவது முன்முனையில், மெத்தில் குவானோசின் தொப்பி ஏறிவிடும். அது இல்லாவிட்டால் அந்த முனையிலிருந்தே நொதிகள் அரித்துவிடும்.

அப்புறம் ஸ்பிளைசிங். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சக்கைப்பழத்தில் நாரைக் களைந்து சுளை எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். இங்கே இன்ட்ரான் என்ற வேண்டாத பகுதிகளைக் களைவதோடு, எக்ஸான் என்ற வேண்டிய சுளைகளை அதே வரிசையில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒட்டவும் வேண்டும். இன்ட்ரான் பெரும்பாலும் ஜி-யூ என்று தொடங்கி ஏ-ஜி என்று முடியும். தொடக்கத்தை யூ1 என்ற சிறு ஆர்என்ஏ-புரதக் கூட்டு கண்டுபிடிக்கும். உள்ளே இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏ-வை அதேபோன்ற யூ2 பிடிக்கும். யூ4, யூ5, யூ6 வந்து சேர்ந்ததும் இன்ட்ரான் சுருக்குக் கயிறாக வளைந்து கழன்றுவிடும்.

பிசகினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினின் ஜீனில் 3 எக்ஸான், 2 இன்ட்ரான். முதல் இன்ட்ரானின் 5-வது எழுத்தான ஜி, சி-யாக மாறுவதுதான் இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகைக்கு மிக அதிகமாகக் காணப்படும் காரணம். கவனியுங்கள், புரதத்துக்கான எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. வெட்டும் இடம் தடுமாறுகிறது, அவ்வளவுதான். சரியான குளோபின் மிகவும் குறைந்துபோகிறது.

வால் சங்கதி சுருக்கமானது. ஏஏயூஏஏஏ என்ற குறி வந்ததும், அதைத் தாண்டி 10 முதல் 30 எழுத்துக்குள் ஆர்என்ஏ வெட்டப்படும். டிஎன்ஏவைப் பார்க்காமலே சுமார் 200 ஏ-க்கள் சேர்க்கப்படும். பாலிமரேஸோ அதன் பிறகும் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்!

டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதத்தின் மிக நீளமான ஜீனை ஒரு தடவை படியெடுக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகும். முன்பக்க இன்ட்ரான்கள் அதற்குள்ளேயே கழன்றுவிடுகின்றன. சில ஜீன்களில் வால் சேர்ந்த பிறகும் ஒன்றிரண்டு இன்ட்ரான் மிச்சமிருக்கும். ஆனாலும் பரீட்சையில் வரிசை கேட்டால் தொப்பி, ஸ்பிளைசிங், வால் என்றே எழுதிவிடுங்கள். திருத்துகிறவரிடம் போய் டிஸ்ட்ரோஃபின் கதை சொல்ல முடியாது.